பாட்டுக்கு முன்னால் ஒரு மூச்சு

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறேன்; நீ கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். மாமாவின் முதுகுவலி தேவலையா? அவர் ஓட்டுகிற பஸ்ஸுக்குப் புது சீட் போட்டுக் கொடுத்தார்களா? உன் பெண் வாலு கல்லூரிக்கு ஒழுங்காகப் போகிறாளா?

பெட்டியைப் பிரித்ததும் பயந்துவிடாதே. இரண்டு ஹெட்போன் இருக்கும். விற்கிற சரக்கில்லை, கடையில் கேட்டுப் பார்க்க வைத்திருப்பவை. என் வேலை உனக்குத் தெரியும். புதிதாக எந்த ஹெட்போன் வந்தாலும் நான் கேட்டுப் பார்த்து, எந்த மாதிரிப் பாட்டுக்கு இது பொருந்தும் என்று ஓர் அட்டையில் எழுதிப் பக்கத்தில் மாட்டவேண்டும். வாங்க வருகிறவர்கள் அட்டையைப் படித்த பிறகுதான் பொருளைக் கையில் எடுக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களின் அபிப்பிராயமும் தெரிந்தால் நல்லது என்று இப்போது ஒரு யோசனை. எனக்கு உன்னை விட்டால் யார்?

கறுப்பு, காதை முழுக்க மூடும் வகை. சின்னது, காதுக்குள் செருகுவது. உன் பக்திப் பாட்டு, மாமாவின் பழைய சினிமாப் பாட்டு, வாலுவின் இடி இடிக்கிற பாட்டு, மூன்றையும் இரண்டிலும் கேட்டு எது எதற்குப் பொருந்துகிறது என்று எழுது. குழலும் சலங்கையும் கைத்தாளமும் எப்படிக் காதில் விழுகின்றன என்று தனியாக எழுது. அது முக்கியம்.

போனில் சொல்ல வேண்டாம் அக்கா. பாதி காற்றில் போய்விடும். எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பு.

உன் பிரார்த்தனையில் எனக்கும் ஒரு வரி ஒதுக்கு.

தம்பி

&nbsp;

ஜனவரி 19
கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். அவன் அருளால் மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மாமா முதுகுக்குத் தைலம் தடவித் தடவி வீடே தைல வாசனை. புது சீட் வந்த பாடில்லை.

நான் வீட்டுக் கணக்கைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழகவில்லை. அதனால் இதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். சிரிக்காதே.

மூடும் வகை. வரவு: மத்தளம். நெஞ்சுக்கூட்டில் வைத்து வாசிப்பது போல இருக்கிறது. அடுப்படிச் சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. பற்று: அடுப்படிச் சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

செருகும் வகை. வரவு: குழலும் சலங்கையும். ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்கிறது. பற்று: மத்தளம், பக்கத்துத் தெருவில் யாரோ கதவைத் தட்டுவது போல. வாலு ஒரு நிமிஷம் வைத்துவிட்டுக் கழற்றிவிட்டாள். "அடியே இல்லாத பாட்டு எனக்கெதுக்கும்மா?" என்கிறாள்.

மாமாவைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கறுப்பை மாட்டிக்கொண்டு தன் பழைய பாட்டைப் போட்டார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஊரைக் கூட்டுகிறார்.

"ஏய், டிரம் அடிக்கிறவன் என் மடியிலயே வந்து உட்கார்ந்துட்டான்!"

"ஏன் கத்துறீங்க? பக்கத்துலதானே இருக்கேன்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. மடியில இருக்கிறவனைக் கேளுங்க, சொல்லுவான்."

ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை, எழுதிவிடுகிறேன். போன ஞாயிறு போனில், மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். நீ, "நல்லது, நல்லது, ரொம்ப சந்தோஷம்" என்றாய். ஏதோ வேலை நெருக்கடியில் இருந்திருப்பாய். இருந்தாலும் சுருக்கென்றது. கால் இப்போது பரவாயில்லை.

வேளைக்குச் சாப்பிடு. எழுதுவதோடு நிறுத்தாதே.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உன் கால். வீக்கம் இருக்கிறதா? டாக்டரிடம் காட்டினாயா? நீ விழுந்தது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கடை இரைச்சலில் சரியாகக் காதில் விழவில்லை அக்கா. மன்னித்துக்கொள்.

உன் கணக்கு கடையைக் கலக்கிக்கொண்டிருக்கிறது. கறுப்புக்கு நான் மாட்டிய அட்டை இது: "டிரம் அடிக்கிறவர் உங்கள் மடியிலேயே வந்து உட்காருவார். பழைய சினிமாப் பாட்டுக்கு உகந்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டுக் கேட்க வேண்டாம்." வருகிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் வாசித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு வாங்குகிறார்கள். முதலாளி தட்டிக் கொடுத்து, "உனக்கு எங்கேருந்துய்யா இப்படியெல்லாம் எழுத வருது?" என்றார். நான் சிரித்து வைத்தேன்.

இந்தத் தடவை வருவது வேறு ரகம். பின்பக்கம் மூடாமல் சல்லடை போல இருக்கும். பக்திப் பாட்டைப் பொறுமையாகக் கேட்டு எழுது. குழல், சலங்கை மறக்காதே.

மாமாவுக்கு வணக்கம். வாலுவின் தலையில் ஒரு குட்டு.

தம்பி

&nbsp;

பிப்ரவரி 20
கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். கால் சரியாகிவிட்டது, படியேறுகிறேன். நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

சல்லடைக் கணக்கு. பற்றை முதலில் எழுதிவிடுகிறேன். வாலுவின் பாட்டு இதில் சப்பென்று போய்விடுகிறது. இன்னொன்று, நான் கேட்பதெல்லாம் வீட்டுக்கே கேட்கிறது. மாமா விடிகாலை வண்டிக்குப் போய்விட்டு வந்து மத்தியானம் படுப்பவர். "உன் பக்தியை என் தலையில ஏன் கொட்டுறே?" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

வரவு: இடம். வேறு சொல் கிடைக்கவில்லை. மற்ற இரண்டிலும் பாட்டு என் தலைக்குள் நடந்தது. இதில் கதவு ஜன்னலெல்லாம் திறந்து வைத்த ஒரு கூடத்தில் நடக்கிறது. பாடுகிற அம்மா நடுவில். வீணை இடது கைப் பக்கம் கொஞ்சம் தள்ளி. குழல் பின்னால், எழுந்து நின்று வாசிப்பது போல உயரத்திலிருந்து வருகிறது.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது தம்பி. நான் தினமும் விளக்கேற்றியதும் போடுகிற பாட்டு உனக்குத் தெரியும். நம் அம்மா காலத்திலிருந்து கேட்கிறேன், பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கிறேன். அன்றைக்குத்தான் உட்கார்ந்து கேட்டேன். முதல் வரிக்கு முன்னால், எந்த வாத்தியமும் தொடங்காத நேரத்தில், அந்த அம்மா மூச்சு எடுக்கிறார். சின்ன மூச்சு. நாம் சாமிக்கு முன்னால் நின்று கண்ணை மூடும்போது எடுப்போமே, அதேதான். இத்தனை வருஷமாக அந்தக் குரலைத் தெய்வத்தோடு சேர்த்து வைத்திருந்தேன். அதுவும் என்னைப் போல ஒரு பொம்பளை மூச்சு வாங்கிப் பாடிய பாட்டு என்று தெரிந்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வாலுவிடம் சொல்லி அந்தப் பாட்டை உனக்கு அனுப்பியிருக்கிறேன். நீயும் கேள். அந்த மூச்சைக் கேட்டாயா என்று அவசியம் எழுது.

அக்கா

&nbsp;

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

கேட்டேன். நன்றாக இருந்தது.

வெள்ளிநிற ஹெட்போன் ஒன்று வருகிறது. முதலாளி அவசரப்படுத்துகிறார். உன் கடிதம் வந்த அன்றே அட்டை மாட்ட வேண்டும். கடையில் இன்னொன்று இருக்கிறது; ஹெட்போனைப் பிறகு அனுப்பினால் போதும், கடிதத்தைச் சீக்கிரம் எழுது.

தம்பி

&nbsp;

மார்ச் 10
கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதி நான் பார்த்ததில்லை. பரவாயில்லை, வேலை.

மாசி முடியப்போகிறது, இங்கே வாடைக் காற்று மட்டும் இன்னும் விடவில்லை. விடிகாலையில் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய் வருவதற்குள் தலை விறைத்துப் போகிறது. தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

வெள்ளிக் கணக்கு. வரவு: மென்மை. எல்லாச் சத்தமும் கம்பளி போர்த்திக்கொண்டு வருகிறது. தலைவலிக்காரர்களுக்கு நல்லது. தாலாட்டுக்கு உகந்தது. பற்று: சலங்கையைத் தேட வேண்டியிருக்கிறது. குழல் அடுத்த ஊரில். பார்க்க என்னவோ பளபளவென்று இருக்கிறது, உள்ளே இப்படி மந்தமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கஷாயம் அடுப்பில் இருக்கிறது. இத்துடன் முடிக்கிறேன்.

அக்கா

&nbsp;

மார்ச் 13
கடவுள் துணை

தம்பி,

அவசரம். வெள்ளிக்கு அட்டை மாட்டிவிடாதே!

நேற்று சாயங்காலம் வாலு என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கிட்டே வந்து தலைத்துணியை விலக்கினாள். "அம்மா, காதுல என்ன?" என்றாள். பஞ்சு! வாடைக்குப் பயந்து நானே இரண்டு காதிலும் வைத்தது. அதோடுதான் உட்கார்ந்து உன் வெள்ளியைக் கேட்டுக் கணக்கு எழுதியிருக்கிறேன். வாலு தரையில் விழுந்து சிரித்தாள். மாமா நேற்றிலிருந்து என்னைப் "பஞ்சு" என்றுதான் கூப்பிடுகிறார்.

பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன். அப்பப்பா! தாலாட்டா? தூங்குகிற குழந்தை அலறி எழுந்துகொள்ளும். கைத்தாளம், எவர்சில்வர் தட்டில் கடுகு கொட்டுவது போலத் தெறிக்கிறது. விறுவிறுவென்று கம்பி மீட்டுகிற பாட்டுக்கு இது போதும். மென்மையான குரலுக்குக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது.

நல்லவேளை, நீ எப்படியும் ஒரு தடவை காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அட்டை எழுதுவாய். பாம்புச்செவி என்று சும்மாவா பேர் வைத்தோம்? சர்க்கரை டப்பாவைத் துணி சுற்றித் திறந்தாலும் தெருவிலிருந்து ஓடி வருவாயே. என் கடிதத்தைப் படித்து உனக்கும் சிரிப்புத்தான் வந்திருக்கும்.

சிரித்ததை எழுது.

பஞ்சு அக்கா

&nbsp;

ஏப்ரல் 14
கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

வாலு அவள் போனில், போன மாதம் எடுத்த உன் கடைப் படம் ஒன்றைக் காட்டினாள். வெள்ளி மாட்டியிருக்கிறது. பக்கத்தில் அட்டை. "எல்லாச் சத்தமும் கம்பளி போர்த்திக்கொண்டு வரும். தாலாட்டுக்கு உகந்தது." ஓர் எழுத்து மாறவில்லை. என் பஞ்சு எழுதியது.

நான் ஒன்றும் கேட்கவில்லை தம்பி. ஆனால் கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கடை இரைச்சல் என்று எழுதியிருந்தாய். நான் பேசியது ஞாயிற்றுக்கிழமை, உன் கடைக்கு விடுமுறை. போன் வேண்டாம் என்றாய். ஒவ்வொரு தடவையும் குழலையும் சலங்கையையும் மட்டும் தனியாகக் கேட்டாய். மூச்சைப் பற்றிக் கேட்டதற்கு ஒரே வரி. இதையெல்லாம் கூட்டினால் என்ன வருகிறது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஒரு வேலை சொல்கிறேன், செய். இதுவரை நான் கேட்டதை உனக்கு எழுதினேன். இப்போது நீ கேட்பதை எனக்கு எழுது. அதே சல்லடை ஹெட்போன், அதே பாட்டு. வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். பற்று நீளமாக இருந்தால் இருக்கட்டும். உன் அக்காதானே பார்க்கப் போகிறாள்.

தினமும் விளக்குக்கு முன்னால் உன் பேரைச் சொல்கிறேன்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 25

அக்கா,

நீ சொன்னபடி.

வரவு: மத்தளம், முழுசாக. வீணையின் அடித்தந்தி. அந்த அம்மாவின் குரல், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பாடுவது போல.

பற்று: குழல். சலங்கை. கைத்தாளம். சொற்களின் நுனி. மூச்சு. கடை வாசல் மணி. குக்கர் விசில். வாலு பேசுவதில் பாதி. போனில் நீ.

இரண்டு வருஷமாகிறது. திடீரென்று போகவில்லை. ஒவ்வொன்றாக, சொல்லிக்கொள்ளாமல் போயின. நேரில் நின்று பேசுகிறவர்களை உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். ஹெட்போனுக்கு உதடு இல்லையே. முன்பு கேட்டதை நினைவில் வைத்துக் கொஞ்ச நாள் அட்டை எழுதினேன். புது மாடல்கள் வர வர அதுவும் முடியவில்லை. அப்புறம்தான் உனக்குப் பெட்டி அனுப்பினேன். முதலாளிக்கு இது எதுவுமே தெரியாது.

நீ அவசரம் என்று எழுதிய கடிதம் வந்த அன்றே ஒரு பாட்டு வாத்தியார் அட்டையைப் படித்துவிட்டு வெள்ளியை மாட்டினார். மறு நொடியே பிடுங்கி எறிந்தார். முதலாளி வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ இதைக் கேட்டியா, இல்லையா?" என்று அவர் உதடு கேட்டது. சளி என்று சொன்னேன். அதுவும் பொய்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, வாடிக்கையாளர்களைக் கூட்டி எல்லா ஹெட்போனையும் அவர்கள் முன்னால் நான் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். அதற்குள் வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இந்த ஒரு வேலைதான் எனக்குத் தெரியும். பாம்புச்செவி என்று கூப்பிட்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

எழுதிவிட்டேன். கை லேசாக இருக்கிறது.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 30
கடவுள் துணை

என் கண்ணுத் தம்பிக்கு,

உன் கணக்கு கிடைத்தது. சரியாக எழுதியிருக்கிறாய். விளக்குக்கு முன்னால் வைத்துவிட்டு எடுத்தேன்.

மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். முதுகைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் வேலையை விடணுமாம்?"

"காது கேக்கலையே, என்ன பண்ணுவான்?"

"எனக்குக் கண்ணு மங்குனப்போ பஸ்ஸையா விட்டேன்? கண்ணாடிதானே போட்டேன்? காதுக்கும் மெஷின் இருக்குல்ல? மாட்டச் சொல்லு."

"உங்களுக்கு எல்லாமே வண்டி ஓட்டுற கணக்குதான்."

"சரியான கணக்குதானே?"

சரியான கணக்குதான் தம்பி. வியாழக்கிழமை நானும் வாலுவும் வருகிறோம். உன்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போவது என் வேலை. அந்தச் சனிக்கிழமை வரும் முன் முதலாளியிடம் உண்மையைச் சொல்வது உன் வேலை. நான் கடை வாசலில் நிற்கிறேன், உள்ளே வர மாட்டேன். ராஜினாமா எழுதியிருந்தால் பத்திரமாக மடித்து வை. கிழிக்க ஆள் வருகிறது.

இன்னொன்று. பாம்புக்கு வெளியே காதே கிடையாதாம், வாலு சொல்கிறாள். தரையில் படுகிற அதிர்வை வைத்தே எல்லாம் தெரிந்துகொள்ளுமாம். உனக்குத்தான் மத்தளம் முழுசாகக் கேட்கிறதே. பேரை மாற்ற வேண்டிய அவசியமில்லை.

அக்கா

&nbsp;

ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தேறிக்கொண்டிருக்கிறேன். மாமாவின் முதுகுக்குப் புது சீட் வந்துவிட்டதாக வாலு எழுதினாள். ஒரு வழியாக!

முதலாளி கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை ரத்து செய்தார். அட்டைகளையெல்லாம் கழற்றி மேஜைக்குள் போட்டுவிட்டார். என்னைப் பின்னறையில் சரக்கு அடுக்க விட்டார். "எனக்குக் கோபம் உன் காது மேல இல்லய்யா. வாய் மேல" என்றார். நான் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டேன்.

வாடிக்கையாளர்கள் விடவில்லை. "பால் பொங்குற அட்டை எங்கே?" என்று வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் கேட்க, போன வாரம் முதலாளியே எல்லாவற்றையும் எடுத்து மாட்டினார். வெள்ளிக்கு மட்டும் புது அட்டை, கடுகு கொட்டுகிற அட்டை. ஒவ்வொன்றின் அடியிலும் தன் கையால் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "கேட்டவர் அக்கா. எழுதியவர் தம்பி."

காது மெஷின் முதலில் பாடாய்ப் படுத்தியது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரக் கொட்டகையில் மழை பெய்வது போல. நான் மெல்லுகிற சத்தம் எனக்கே சகிக்கவில்லை. இப்போது பழகிவிட்டது. கடையில் இருக்கிற ஹெட்போன்களை மெஷினுக்கு மேல் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். செருகும் வகைக்குக் காதில் இடமே இல்லை. கறுப்பு, மெஷினை அழுத்தி "கொய்ங்" என்று கத்துகிறது. வெள்ளி இன்னும் மோசம். உன் சல்லடை மட்டும் வாயைத் திறக்காமல் காதைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு நானே கேட்டு, நானே ஒரு கூடுதல் அட்டை எழுதினேன்: "காது மெஷின் போட்டிருப்பவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்." மாட்டிய மறுநாள் ஒரு பெரியவர் வந்து அதைப் படித்துவிட்டு என் காதைப் பார்த்தார். நான் அவர் காதைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

இன்றைக்குக் காலையில் கடை திறக்கும் முன் சீக்கிரமே போனேன். விளக்கைக்கூடப் போடவில்லை. சல்லடையை மாட்டிக்கொண்டு உன் பாட்டைப் போட்டேன். குழல் இன்னும் கொஞ்சம் தூரத்தில்தான் இருக்கிறது. சலங்கை வருகிறது, போகிறது. ஆனால் முதல் வரிக்கு முன்னால், எந்த வாத்தியமும் தொடங்காத நேரத்தில், அந்த அம்மா மூச்சு எடுத்தார். சின்ன மூச்சுதான். நீ எழுதியபடியே இருந்தது. பாட்டை அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் போன் செய் அக்கா. இந்தத் தடவை நீ வழுக்கி விழுந்தால் "ஐயோ" என்று சொல்வேன்.

தம்பி